வீட்டுக்கு எந்த நெபுலைசர்? கம்ப்ரஸர், அல்ட்ராசோனிக், மெஷ்: ஓர் ஒப்பீடு

“அண்ணா, வீட்லயே ஒரு நெபுலைசர் வாங்கி வெச்சிக்கச் சொல்லிட்டாரு டாக்டர். எது எடுக்கறது?”

“இது கம்ப்ரஸர் டைப்புக்கா, கொஞ்சம் சத்தம் வரும். இது மெஷ். கைக்கு அடக்கமா இருக்கும், சத்தமே வராது. வெலதான் கொஞ்சம் கூட.”

தருமபுரி, அரூர், பாலக்கோடு என எந்த ஊர் மருந்துக்கடையிலும் பனிக்காலத்தில் கேட்கக்கூடிய பேச்சு இது. பெரும்பாலும் விலையும் சத்தமும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. ஆனால் இந்த இயந்திரத்தை வாங்குபவர் முதலில் பார்க்கவேண்டியவை வேறு மூன்று: கப்பில் ஊற்றப்போகும் மருந்து எது, வீட்டில் கரண்ட் எப்படி, கழுவக் கிடைக்கும் தண்ணீர் எப்படி. தருமபுரி மாவட்டத்தைப் பொறுத்தவரை மூன்றாவது கேள்விதான் பலரும் கேட்க மறப்பது.

நெபுலைசர் இன்று ஆஸ்பத்திரிக்கு மட்டும் உரிய பொருள் அல்ல. உலக நோய்ச்சுமை ஆய்வின் 2019-ம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் ஆஸ்துமா உள்ளவர்கள் சுமார் 3.4 கோடிப் பேர். உலக ஆஸ்துமா நோயாளிகளில் இது ஏறக்குறைய 13 சதவீதம். ஆனால் ஆஸ்துமாவால் உலகில் நிகழும் இறப்புகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் இந்தியாவில் நிகழ்கிறது. நோய் இருக்கும் அளவுக்கு மருந்து சரியான முறையில் நுரையீரலுக்குப் போய்ச் சேரவில்லை என்பது இந்த இடைவெளிக்கு ஒரு முக்கியக் காரணம். அடுப்புப் புகை, கல்குவாரிப் புழுதி, களத்துமேட்டுத் தூசி எல்லாம் சேரும் ஒரு மாவட்டத்தில், வாங்கும் கருவி உருப்படியாக வேலை செய்தாக வேண்டும்.

மைக்ரான் கணக்கு

நெபுலைசரின் வேலை ஒன்றே ஒன்று: திரவ மருந்தை, மூச்சோடு உள்ளே இழுக்கும் அளவுக்கு நுண்ணிய திவலைகளாக உடைப்பது. திவலையின் விட்டம் 5 மைக்ரானைத் தாண்டினால் அது வாயிலும் தொண்டையிலுமே படிந்துவிடும். 1 மைக்ரானுக்கும் கீழே போனால் உள்ளே போன வேகத்தில் பெரும்பகுதி மூச்சோடு வெளியே வந்துவிடும். 1 முதல் 5 மைக்ரான் வரை உள்ளதுதான் மூச்சுக்குழாய்களில் இறங்கித் தங்கும். எனவே அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்ததும் படத்தை விட்டுவிட்டு, பொடி எழுத்தில் இருக்கும் இரண்டு எண்களைப் பார்ப்பது நல்லது. ஒன்று, எம்.எம்.ஏ.டி. என்று குறிக்கப்படும் சராசரித் திவலை அளவு. அது 5 மைக்ரானுக்குக் கீழே இருக்கவேண்டும். மற்றொன்று, நிமிடத்துக்கு எத்தனை மில்லி மருந்தைத் திவலையாக்கும் என்ற வேகம். அது 0.25 மில்லி என்றால், 2.5 மில்லி ரெஸ்பியூல் (ஒரு வேளை மருந்து அடங்கிய பிளாஸ்டிக் குப்பி) ஒன்று முடியச் சுமார் 10 நிமிடம் ஆகும். இந்த இரண்டு எண்களும் இல்லாத பெட்டியைத் திருப்பி அலமாரியிலேயே வைத்துவிடலாம்.

இதே அலமாரியில் சில நூறு ரூபாய்க்கு வேப்பரைசர் என்ற பிளாஸ்டிக் குவளையும் இருக்கும். அது தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவி தரும் சாதனம், அவ்வளவே. மூக்கடைப்புக்கு இதமாக இருக்கலாம். ஆஸ்துமா மருந்தை அதில் ஊற்றிப் பயனில்லை.

கம்ப்ரஸர்: சத்தம் உண்டு, சங்கடம் குறைவு

ஜெட் நெபுலைசர் என்பதைத்தான் கடைக்காரர்கள் கம்ப்ரஸர் டைப் என்கிறார்கள். ஒரு பெட்டி, ஒரு ட்யூப், ஒரு மருந்துக் கப், மாஸ்க் அல்லது வாயில் கவ்வும் மவுத்பீஸ். பெட்டிக்குள் இருக்கும் பம்ப் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை அழுத்திக் கப்புக்கு அனுப்புகிறது.

கப்பின் மூடியைத் திருகிக் கழற்றினால் சூட்சுமம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். அடியில் ஊசிமுனை போன்ற ஒரு துளை. அதன்மேல் தொப்பிபோல் கவிழ்ந்து உட்காரும் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு. ஊசித்துளை வழியே காற்று சீறும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கப்பில் உள்ள மருந்து மேலே உறிஞ்சப்பட்டுக் காற்றோடு பீய்ச்சியடித்து அந்தத் துண்டில் உள்ள தடுப்பில் மோதுகிறது. ஒகேனக்கல்லில் பாறையில் அறைந்து விழும் காவிரியைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்: கனத்த தண்ணீர் ஆற்றிலேயே விழ, நுண்திவலை மட்டும் கரை வரை பறந்து வந்து முகத்தில் படுகிறது. கப்பிலும் பெரிய துளிகள் அடியில் விழுந்து மறுபடி சுற்றுக்கு வருகின்றன; சிறியவை மட்டும் மாஸ்க்கைச் சேர்கின்றன. கழுவிவிட்டுத் திரும்பப் பொருத்தும்போது இந்தச் சின்னத் துண்டை வைக்க மறந்தால், இயந்திரம் வழக்கம்போல் ஓடும், காற்றும் வரும். மருந்துத் திவலை மட்டும் வராது. “மெஷின் கெட்டுப்போச்சு” என்று கடைக்குத் திரும்பிவரும் புகார்களைக் கேட்டால் முதலில் இந்தத் துண்டைத்தான் தேடவேண்டும்.

இந்த வகையின் பெரிய பலம், எந்த மருந்தையும் மறுக்காது என்பது. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் போன்ற தெளிந்த கரைசலும் சரி, பியூடெசொனைட் என்ற ஸ்டீராய்டு போலத் துகள் கலங்கிய சஸ்பென்ஷனும் சரி, கப்பில் ஊற்றிய எதையும் திவலையாக்கிவிடும். அடிபட்டாலும் தாங்கும். ட்யூப், கப், மாஸ்க் என்று எது போனாலும் தனியாக வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலான மாடல்கள் 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. கொரோனா இரண்டாம் அலைக்குப் பின், 2021 ஜூலை 20 முதல் நெபுலைசர் உள்ளிட்ட 5 மருத்துவச் சாதனங்களுக்கு வியாபார லாப விகிதத்தை 70 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தி மத்திய அரசின் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உத்தரவிட்டதும் விலை இறங்க ஒரு காரணம்.

குறைகளும் உண்டு. சத்தம் முதலாவது, நள்ளிரவில் ஒரு குழந்தைக்கு வைத்தால் மற்றக் குழந்தைகளும் எழுந்துவிடும். கப் செங்குத்தாக இருந்தாகவேண்டும். சாய்த்துப் பிடித்தால் மருந்து உறிஞ்சப்படாது என்பதால், மல்லாந்து படுத்திருக்கும் முதியவரைச் சற்றுத் தலைதூக்கி உட்காரவைத்தே தரமுடியும். மருந்தில் ஏறக்குறைய 1 மில்லி கப்பின் சுவர்களில் ஒட்டித் தங்கிவிடும். கப் “கொரகொர” என்று விட்டுவிட்டு ஒலிக்கத் தொடங்கும்போது பக்கவாட்டில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். அதற்குமேல் ஓட்டுவதில் பயனில்லை. சாதாரண கம்ப்ரஸர் செட்டில் ஊற்றிய மருந்தில் நுரையீரலைச் சேர்வது பத்தில் ஒரு பங்கு அளவுதான். டாக்டர் எழுதும் டோஸ் இந்தக் கழிவையும் கணக்கில் கொண்டதே.

கரண்ட் செலவைப் பற்றிய பயம் தேவையில்லை. 150 வாட் இயந்திரம் 10 நிமிடம் ஓடினால் 25 வாட்-மணி. 40 முறை வைத்தால்தான் ஒரு யூனிட். வீட்டு இன்வர்ட்டரிலும் ஓடும். இடைவிடாமல் ஓட்டினால் மோட்டார் சூடாகும். 20 நிமிடம் ஓடினால் 40 நிமிடம் ஓய்வு என்று சில மாடல்களின் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். பெட்டியின் ஓரத்தில் ஒரு சிறு மூடிக்குள் இருக்கும் பஞ்சு ஃபில்டரைப் பெரும்பாலானோர் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். லாரிகள் ஓயாத சாலையோர வீட்டிலும் குவாரிப் பக்கத்து ஊரிலும் அது சீக்கிரமே சாம்பல் நிறமாகிவிடும். நிறம் மாறினால் மாற்றிவிட வேண்டும், கழுவிப் போடக்கூடாது.

அல்ட்ராசோனிக்: தவிர்க்கலாம்

1960-களில் வந்த இந்த வகையில், மின்சாரம் பாய்ந்ததும் அதிரும் ஒரு படிகத் தட்டு விநாடிக்குப் பத்து லட்சம் முறைக்கும் மேல் அதிர்ந்து, மருந்தின் மேற்பரப்பில் இருந்து அடர்ந்த மூடுபனியைக் கிளப்பும். பார்வைக்கு இதன் பனிதான் அதிகம். சத்தமும் இல்லை.

ஆனால் ஓட ஓட மருந்து சூடேறும். சூட்டில் கெடும் மருந்துகளுக்கு ஆகாது. முக்கியமாக, பியூடெசொனைட் போன்ற சஸ்பென்ஷனை இது சரிவரத் திவலையாக்குவதில்லை. நீர் மட்டும் பனியாகப் போக, மருந்துத் துகள் கப்பிலேயே தங்கிவிடும். ஆஸ்துமாவைக் கட்டுக்குள் வைக்கும் முக்கிய மருந்தே ஸ்டீராய்டுதான் என்றிருக்க, அதைக் கையாளத் தெரியாத இயந்திரம் வீட்டுக்கு எதற்கு? ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தாலும் இந்த வகையைத் தவிர்ப்பதே நல்லது.

மெஷ்: சின்ன உருவம், பெரிய கவனிப்பு

மூன்றாவது வகை உள்ளங்கையில் அடங்கும். மருந்து நிற்கும் சின்னத் தொட்டியின் முன்புறம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய ஒரு தகடு. அதில் ஆயிரம் முதல் சில ஆயிரம் துளைகள். ஒவ்வொன்றும் 3 மைக்ரான் அளவில், தலைமுடியின் பருமனில் பல பங்கு குறைவாக. தகடோ, அதன் பின்னால் இருக்கும் தண்டோ விநாடிக்கு லட்சம் முறைக்கு மேல் அதிர, மருந்து துளைகள் வழியே சீரான திவலையாகப் பிதுங்கி வெளியே வரும். இதில் மருந்து சூடேறுவதும் மிகக் குறைவு.

மிச்சப்படும் மருந்து சில துளிகள் மட்டுமே. அதனால் கம்ப்ரஸரைவிட இரண்டு மூன்று மடங்கு மருந்து நுரையீரலைச் சேரக்கூடும். இது நல்ல செய்திதான். ஆனால் கம்ப்ரஸரில் இருந்து மெஷுக்கு மாறுபவர் அதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். அதே டோஸில் கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் கூடினால் காரணம் இயந்திரமாக இருக்கலாம்.

இரண்டு பென்சில் பேட்டரியிலோ யு.எஸ்.பி. சார்ஜிலோ ஓடுவது இதன் அடுத்த வரம். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக்கிராமங்களில் கோடைமழைக் காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்லமுடியாது. கொண்டை ஊசி வளைவுகளில் கீழே இறங்குவதற்கு முன், பவர்பேங்க்கில் ஓடும் ஓர் இயந்திரம் கையில் இருப்பது உயிர்காக்கும் வசதி. தூங்கும் குழந்தைக்கு எழுப்பாமல் வைக்கலாம். பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருபவர் பையில் போட்டுக்கொள்ளலாம்.

சிக்கல் தகட்டில்தான். அந்தத் துளைகள் அடைபடுவது மிக எளிது. பியூடெசொனைட் வைத்துவிட்டுக் கழுவாமல் விட்டால் துகள்கள் காய்ந்து இறுகும். அடுத்தமுறை ஐந்து நிமிடத்தில் முடியவேண்டியது இருபது நிமிடம் இழுக்கும். பஞ்சோ பட்ஸோ கொண்டு தகட்டைத் துடைத்தால் அத்தோடு அது போயிற்று. நல்ல தயாரிப்புகளின் விலை கம்ப்ரஸரைவிடப் பல மடங்கு. மலிவான மெஷ் இயந்திரங்கள் 2,000 ரூபாய் அளவிலும் வருகின்றன. அவற்றுக்கு மாற்றுத் தகடு கிடைக்காவிட்டால் முழுதாகத் தூக்கிப்போடத்தான் வேண்டும். வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி: “இந்த மெஷ் கப் மட்டும் தனியா கிடைக்குமா, என்ன வெல?”

தருமபுரித் தண்ணீரும் நெபுலைசரும்

இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். அதற்கு மாற்றாகத்தான் ஜப்பான் நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு, 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. குடிக்கக் காவிரி நீர் வந்தாலும், பாத்திரம் கழுவப் பல வீடுகளில் போர்வெல் தண்ணீர்தான். உப்புத் தண்ணீர் காய்ந்தால் குடத்தில் வெள்ளைப் படிவு நிற்கும். அதே படிவு மெஷ் தகட்டின் 3 மைக்ரான் துளைகளில் படிந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. கம்ப்ரஸரின் ஊசித்துளையும் நாளடைவில் குறுகும்.

ஆகவே கழுவும் முறை இந்த ஊருக்கு இப்படி இருக்கட்டும். ஒவ்வொரு முறை மருந்து வைத்த பிறகும் கப், மாஸ்க், மவுத்பீஸ் மூன்றையும் பிரித்து, சோப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, கொதித்து ஆறிய நல்ல தண்ணீரில் அலசி, சுத்தமான துணிமேல் கவிழ்த்துக் காற்றில் உலரவிட வேண்டும். மெஷ் தொட்டியைக் கடைசியாக டிஸ்டில்டு வாட்டரில் அலசி, அதிலேயே சில துளி விட்டு ஒரு நிமிடம் ஓட்டினால் துளைகள் சுத்தமாகும். ட்யூபைக் கழுவக்கூடாது; உள்ளே ஈரம் தெரிந்தால் கப்பைக் கழற்றிவிட்டு வெறுமனே ஓட்டினால் காற்றே உலர்த்திவிடும். ஈரத்தோடு கவரில் கட்டிவைக்கும் மாஸ்க்கில் வளரும் கிருமி, அடுத்தமுறை நேராக நுரையீரலுக்குத்தான் போகும்.

மருந்தோடு கலக்கவும் குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ உதவாது. பிளாஸ்டிக் ரெஸ்பியூலில் கிடைக்கும் 0.9 சதவீத ஸ்டெரைல் சலைன் மட்டுமே. சளி கரையட்டும் என்று கற்பூரவல்லிச் சாற்றையோ யூகலிப்டஸ் தைலத்தையோ கப்பில் விடுவது ஆபத்து. நுரையீரலுக்குள் போகும் எண்ணெய் தனியாக ஒரு நிமோனியாவையே உண்டாக்கும்.

இ-சிகரெட் இதன் உறவு அல்ல

கையடக்க மெஷ் இயந்திரத்தைப் பார்க்கும் இளைஞர்கள் அதை வேப் கருவியோடு ஒப்பிடுவதுண்டு. இரண்டிலும் ஒரு தொட்டி, திரவத்தைப் பனியாக்கும் அட்டமைசர் என்ற பாகம், வெளியே வருவது வெண்பனி. ஒற்றுமை அதோடு முடிகிறது. ஆரம்பகால கார்டோமைசர், கண்ணாடி டேங்க் வைத்த கிளியரோமைசர், காயிலை உபயோகிப்பவரே சுற்றிக்கொள்ளும் வகை, இன்றைய பாட் என்று இ-சிகரெட்டில் எத்தனை மாறுதல் வந்திருந்தாலும், அடிப்படை எல்லாவற்றிலும் ஒன்றே: திரியில் ஊறிய நிக்கோட்டின் திரவத்தைச் சூடேறிய கம்பிச்சுருள் ஆவியாக்குகிறது. டேங்க் பெரிதோ சிறிதோ, அந்தச் சூட்டில் புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகள் பிறக்கின்றன. அதனால் எந்த அட்டமைசர் நல்லது என்ற ஒப்பீட்டுக்கே இங்கு இடமில்லை.

தமிழ்நாடு அரசு 2018 செப்டம்பரிலேயே இவற்றைத் தடைசெய்தது. 2019 செப்டம்பர் 18-ல் மத்திய அரசின் அவசரச் சட்டமும், அதே ஆண்டு டிசம்பரில் முழுச் சட்டமும் வந்து, தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் அனைத்தும் நாடு முழுக்கக் குற்றமாயின. முதல்முறை விற்றுப் பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அதே 2019-ல் அமெரிக்காவில் வேப் உறிஞ்சியவர்களிடையே பரவிய நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தவர்கள் 68 பேர். திரவத்தில் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருள்தான் முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. தின்றால் தீங்கு செய்யாத ஒரு பொருள், நுரையீரலுக்குள் போனதும் உயிரையே வாங்கியது.

மாஸ்க்கா, மவுத்பீஸா?

எந்த இயந்திரமானாலும் கடைசி இரண்டு அங்குலத்தில்தான் பாதி மருந்து வீணாகிறது. குழந்தை அழுகிறது என்று மாஸ்க்கை முகத்துக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் மருந்து அறைக்குத்தான் போகும். அழும் குழந்தை மருந்தை உள்ளே இழுப்பதில்லை. மடியில் உட்காரவைத்து, அமைதியான பிறகு முகத்தோடு ஒட்டிப் பிடிக்கவேண்டும். சொன்னபடி செய்யக்கூடிய வயதுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் மவுத்பீஸ்தான் சிறந்தது. இப்ராட்ரோப்பியம் கலந்த மருந்து மாஸ்க் இடைவெளியில் கண்ணுக்குக் கசிந்தால் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்குக் கெடுதல். பியூடெசொனைட் வைத்த பிறகு வாய் கொப்பளித்து, முகத்தையும் கழுவிவிட வேண்டும்; இல்லாவிட்டால் நாக்கில் வெண்பூஞ்சை படரும்.

வாங்கும் முன் ஒரு கேள்வி

பலருக்கு நெபுலைசரே தேவைப்படாமல் போகலாம். மிதமான ஆஸ்துமா தாக்குதலில், ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவை மாட்டிய சாதாரண இன்ஹேலர், நெபுலைசருக்கு நிகராக வேலை செய்கிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியானது. கரண்ட் வேண்டாம், சத்தம் இல்லை, விலையும் சில நூறு ரூபாய்தான். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற பயத்தில் நெபுலைசரைத் தேடுபவர்கள், இரண்டிலும் இருப்பது ஒரே மருந்து என்பதை அறியவேண்டும். உலக ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பான ஜினா, 2019 முதல், சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுத்துக்கொண்டிருக்கும் வழக்கத்தைக் கைவிடச் சொல்கிறது. இளைப்பு வரும்போதெல்லாம் வீட்டிலேயே அதை மட்டும் வைத்து அடக்கிக்கொண்டிருந்தால், உள்ளே வீக்கம் வளர்வது வெளியே தெரியாது.

தீர்ப்பு

ஊருக்குள் வீடு, ஓரளவு நிலையான கரண்ட், பியூடெசொனைட் தினமும் வைக்கவேண்டிய குழந்தை அல்லது முதியவர்: கம்ப்ரஸர். சத்தத்தைப் பொறுத்துக்கொண்டால் விலைக்கும் உழைப்புக்கும் இதற்கு இணையில்லை. மலைக்கிராமம், அடிக்கடிப் பயணம், கரண்ட் இல்லாத இரவுகள்: மாற்றுத் தகடு கிடைக்கும் நல்ல மெஷ், கூடவே டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில். எப்போதாவது வரும் இளைப்பு, இன்ஹேலரைச் சரியாக இழுக்கத் தெரிந்தவர்: ஸ்பேசர் போதும். அல்ட்ராசோனிக் யாருக்கும் வேண்டாம்.

எதை வாங்கினாலும் முதல்முறை டாக்டர் அல்லது நர்ஸ் முன்னால் வைத்துக் காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். மருந்து வைத்த பிறகும் விலா எலும்புகள் உள்வாங்க மூச்சு இழுத்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசமுடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, இரண்டாவது ரெஸ்பியூலைப் பிரித்துக்கொண்டே காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.